வெள்ளவத்தைக்கும் ஒரு கிராம உத்தியோகத்தர்: ‘கிராமம்’ என்றால் என்ன?

அண்ணனின் மகள் தரம் ஏழில் படிக்கிறாள். பாடசாலையில் ‘எனது கிராமம்’ என்று ஓர் ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். பெயர், அமைவிடம், சனத்தொகை, நிர்வாகப் பிரிவு என்று உபதலைப்புகளையும் ஆசிரியரே எழுதிவிட்டார். பிள்ளை பிறந்து வளர்ந்தது கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஐந்தாம் மாடியில். கிராமத்துக்கு எங்கே போவாள்? அப்பப்பாவின் ஊரான யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை எழுதுவதென்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது.

“சித்தப்பா, சுன்னாகம் கிராமமோ, டவுனோ? சனத்தொகை எத்தினை?”

சட்டென்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு, “பொறு பிள்ளை, நாளைக்குச் சொல்லுறன்” என்று சமாளித்தேன். சுன்னாகத்தைக் கண்ணால் பார்த்தவர் எவரும் அதைக் கிராமம் என்று சொல்ல மாட்டார். பெரிய சந்தை, ரயில் நிலையம், வங்கிகள், ஓயாத வாகன இரைச்சல் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் அது கிராமப்புறம். இந்தப் பிள்ளை வசிக்கும் அடுக்குமாடியோ அசல் மாநகரம். அப்படியிருந்தும் வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கடிதம் வேண்டுமென்றால் அவள் வீட்டார் போய்ப் பார்க்க வேண்டியவர் ஒரு ‘கிராம’ உத்தியோகத்தர்!

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் ‘கிராமம்’ என்பதை ஒரு கந்தோர் ஒரு பொருளிலும் இன்னொரு கந்தோர் வேறு பொருளிலும் பயன்படுத்துகிறது. நாம் ‘ஊர்’ என்று சொல்வது இந்த எதிலும் சேராத தனிச் சங்கதி. ஆகவே ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடிதம் தரும் கந்தோரிலிருந்து தொடங்கலாம். நாடு 25 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஒரு மாவட்ட செயலகம். பழைய ஆட்களுக்கு அது இன்னும் ‘கச்சேரி’தான். அதன் கீழே பிரதேச செயலகங்கள், ஒவ்வொரு பிரதேச செயலகத்தின் கீழும் பல கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். இது கொழும்பிலிருந்து இறங்கி வரும் மத்திய அரசாங்கத்தின் ஏணி. இதில் எந்தப் படியிலும் யாரும் வாக்குக் கேட்டு வருவதில்லை, எல்லோரும் அரச ஊழியர்கள். ஏணியின் கடைசிப் படியில் நிற்கும் கிராம உத்தியோகத்தர்தான் வதிவிடத்தை உறுதிப்படுத்துவார், அடையாள அட்டை விண்ணப்பத்தைப் பார்ப்பார், வாக்காளர் இடாப்புப் படிவத்துடன் வீட்டுக்கு வருவார், வெள்ளம் வந்தால் நிவாரணப் பட்டியலும் எழுதுவார்.

அந்தப் படியில் முன்பு நின்றவர் விதானையார். 1963இல் அந்தப் பதவியை ஒழித்துவிட்டு ‘கிராம சேவகர்’ என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். பிற்காலத்தில் அதுவும் ‘கிராம உத்தியோகத்தர்’ ஆனது. பெயர் மாறி இத்தனை காலமாகியும் கிராம சேவகரின் ஆங்கிலச் சுருக்கமான ‘ஜி.எஸ்.’ நம் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாழ்ப்பாணத்துக் கிழவர்கள் சிலர் அதற்கும் பின்னால் போய், இப்போதும் ‘விதானையிட்டப் போட்டு வாறன்’ என்பார்கள். உதவி அரசாங்க அதிபர் பிரதேச செயலாளராக மாறி, அதற்கான அதிகாரமளிப்புச் சட்டம் 1992இல் வந்தது. ‘ஏ.ஜி.ஏ. கந்தோர்’ என்ற பேச்சுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

இந்த ஏணியில் நகரம், கிராமம் என்ற பேதமே கிடையாது. கொழும்பு மாநகரமும் இரண்டு பிரதேச செயலகங்களுக்குள் அடங்குகிறது: ஒன்று கொழும்பு, மற்றது திம்பிரிகஸ்யாய. வெள்ளவத்தை இரண்டாவதில் வருகிறது. வெள்ளவத்தை வடக்கு, வெள்ளவத்தை தெற்கு, பாமன்கடை மேற்கு, கொட்டாஞ்சேனை கிழக்கு என்பவையெல்லாம் தனித்தனிக் கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். இங்கே ‘கிராமம்’ என்பதற்கு வயலும் குளமும் கருத்தல்ல. நிர்வாகத்தின் மிகச் சிறிய அலகு, அவ்வளவுதான்.

அலகு சிறியது என்றால் எல்லாம் ஒரே அளவு என்று நினைக்க வேண்டாம். நாடு முழுக்க இப்படி 14,000க்கும் மேற்பட்ட பிரிவுகள் உள்ளன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் 557 பிரிவுகளில் இருந்தார்கள். வகுத்துப் பார்த்தால் பிரிவுக்கு 4,000க்கும் மேல். யாழ்ப்பாண மாவட்டத்தில் 5 இலட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு 435 பிரிவுகள், சராசரி 1,300 சொச்சம். குருநாகலில் 1,610 பிரிவுகள் இருப்பதால் அங்கே சராசரி 1,000 அளவில் நின்றது. ஆக, ‘ஒரு கிராமத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?’ என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லை.

இரண்டாவது கந்தோர் உள்ளூராட்சி சபை. குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, உள்வீதி, சந்தை, மயானம், கட்டட வரைபடத்துக்கு அனுமதி, நாங்கள் சோலைவரி என்று சொல்லும் ஆதனவரி எல்லாம் இவர்களின் வேலை. இங்கேதான் நாம் வாக்களித்து ஆட்களைத் தெரிவு செய்கிறோம். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று மூன்று வகை உண்டு. 2018 தேர்தல் காலத்தில் 24 மாநகர சபைகளும் 41 நகர சபைகளும் 276 பிரதேச சபைகளும் இருந்தன. சபையின் வகை தெரியாவிட்டால் தலைவரை என்னவென்று அழைக்கிறார்கள் என்று பாருங்கள். மேயர் அல்லது மாநகர முதல்வர் என்றால் மாநகர சபை. தவிசாளர் என்றால் மற்ற இரண்டில் ஒன்று.

முதலாவது ஏணியும் இந்தச் சபைகளும் வெவ்வேறு வழியில் வந்தவை. பெயர்கள்கூடப் பொருந்தாது. சுன்னாகத்தையே எடுத்தால், பிரதேச செயலகம் உடுவில், பிரதேச சபை வலிகாமம் தெற்கு. தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பகுதிக்குச் சபை வலிகாமம் வடக்கு. கடிதத்துக்குப் போக வேண்டியவர் சபைக்கும், குப்பை முறைப்பாட்டுக்குப் போக வேண்டியவர் செயலகத்துக்கும் போய் நின்று அரைநாளைத் தொலைப்பது புதினமான விசயம் அல்ல. நானும் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன். ‘பிரதேச’ என்ற சொல் இரண்டு பலகையிலும் இருந்தால் மனிதன் என்ன செய்வான்?

சரி, நகரம் கிராமம் என்ற முத்திரையைக் குத்துவது யார்? மூன்றாவது கந்தோர், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம். அவர்கள் வைத்திருக்கும் விதி ஒரு வரியில் அடங்கும். மாநகர சபைக்கோ நகர சபைக்கோ உட்பட்ட இடம் நகரம். தோட்டங்கள் தனி வகை. மீதி எல்லாம் கிராமம். எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு நெருக்கமாக வாழ்கிறார்கள், வயல் செய்கிறார்களா வங்கியில் வேலை செய்கிறார்களா என்ற கேள்வியே இந்த விதியில் இல்லை. இந்தியக் குடிசன மதிப்பீட்டில் சபை எதுவும் இல்லாத ஊரைக்கூட 5,000 பேர், சதுரக் கிலோமீற்றருக்கு 400 பேர், ஆண் உழைப்பாளர்களில் முக்கால்வாசிப் பேராவது விவசாயமல்லாத தொழிலில் என்று மூன்று கோலால் அளந்து நகரமாகக் கணக்கெடுப்பார்கள். நமக்கு அந்தக் கோல் கிடையாது.

இதன் விளைவு சில இடங்களில் நல்ல பகிடி. களனியில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது, ஆனால் அது பிரதேச சபைப் பகுதி, ஆகவே கிராமம். பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேலியகொடை நகர சபை, ஆகவே நகரம். செத்சிறிபாய, இசுருபாய என்ற அரச கட்டடங்களில் அமைச்சுகளெல்லாம் போய்க் குந்தியிருக்கும் பத்தரமுல்லை, கடுவெலப் பிரதேச சபைக்குள் இருந்த காலம் முழுக்கக் கிராமக் கணக்கில்தான் இருந்தது. 2011இல் கடுவெல மாநகர சபையானது. அந்த மக்கள் கிராமத்தவராகப் படுத்து மாநகரத்தவராக எழும்பினார்கள். வீடு வாசல் எதுவும் அசையவில்லை. வர்த்தமானி மட்டும் மாறியது.

வடக்கில் நிலைமை இன்னும் விசித்திரம். கிளிநொச்சி ஒரு மாவட்டத்தின் தலைநகர். ஏ-9 வீதியில் போகிறவர்களுக்கு அதன் கடைத்தெரு தெரியும். அங்கே இருப்பது கரைச்சிப் பிரதேச சபை. அந்த மாவட்டத்தில் ஒரு நகர சபையும் இல்லாததால் 2012 கணக்கில் கிளிநொச்சி மாவட்டத்தின் நகரச் சனத்தொகை பூச்சியம். முல்லைத்தீவும் அப்படியே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்கும் திருநெல்வேலியும் நல்லூர்ப் பிரதேச சபைக்குள் வருவதால் கிராமம்தான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. முன்பு மாநகர சபைக்கும் நகர சபைக்கும் கீழே பட்டின சபை என்று ஒன்று இருந்தது, அதற்கும் கீழே கிராம சபை. சுன்னாகத்துக்கும் பட்டின சபை இருந்தது. குடிசன மதிப்பீட்டில் பட்டின சபைப் பகுதிகளை நகரமாகவே எண்ணினார்கள். 1980களின் தொடக்கத்தில் பட்டின சபைகளும் கிராம சபைகளும் ஒழிந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோது அந்த இடங்கள் பிரதேச சபைகளுக்குள் கரைந்துபோயின. கூடவே நகரம் என்ற முத்திரையும் போய்விட்டது.

எண்ணிக்கையில் இது அழகாகத் தெரியும். 1981இல் நாட்டின் மக்களில் 21.5 வீதம் பேர் நகரத்தவர். 2012இல் 18.2 வீதம்! முப்பது வருடத்தில் அடுக்குமாடிகளும் அதிவேகப் பாதையும் வந்த நாட்டில் நகரத்தார் குறைந்துவிட்டார்களாம். வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் இந்த எண்ணைப் பார்த்து ‘இலங்கை உலகிலேயே மிகக் குறைவாக நகரமயமான நாடுகளில் ஒன்று’ என்று எழுதிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த வரைவிலக்கணத்தை எப்போதோ திருத்தியிருக்க வேண்டும். ஒரு சபையின் பெயர்ப்பலகையை வைத்து மக்களின் வாழ்க்கையை அளப்பது சரியான அளவை அல்ல.

தோட்டம் என்று சொன்னேன் அல்லவா? அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் கடைகளில் நிற்கும் பிள்ளைகளில் பலர் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தவர்கள். அவர்களிடம் ஊர் எது என்று கேட்டால் ஒரு தோட்டத்தின் பெயரையும் ‘மேற்பிரிவு’, ‘கீழ்ப்பிரிவு’ என்ற பிரிவையும் சொல்வார்கள். குடிசன மதிப்பீடு 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புள்ள, குறைந்தது 10 தொழிலாளர்கள் தங்கியிருக்கும் பெருந்தோட்டத்தைத் தோட்டத் துறை என்று தனியாக எண்ணுகிறது. 2012இல் நாட்டின் 4.4 வீதம் பேர் இந்த வகையில் வந்தார்கள். நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் பாதிக்கு மேல்.

தனியாக எண்ணுவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டத்துக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவர் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், ஆனால் அவர் வீட்டுக்குப் போகும் பாதையைச் சபை போட முடியாது. அது கம்பனியின் காணி. கிராமத்தவருக்குச் சபை, தோட்டத்தவருக்குத் துரை என்ற பழைய ஏற்பாடு சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன்பு அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரண்டு பெரிய பிரதேச சபைகளைப் பிரித்து ஆறு ஆக்கினார்கள். நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்ற சபைகள் அப்படி வந்தவைதான்.

செயலகங்களின் கணக்கு அதைவிட மோசம். 2012இல் நுவரெலியா மாவட்டத்தில் 7 இலட்சத்து 11 ஆயிரம் பேர். அவர்களுக்கு இருந்தவை ஐந்தே பிரதேச செயலகங்கள். அதைவிடக் குறைவான மக்கள் இருந்த யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 15. ஒரு கையெழுத்துக்காக மலையிறங்கி இரண்டு பஸ் மாறும் ஆளுக்கு, ‘நிர்வாக அந்தஸ்து’ என்ற வறண்ட சொல்லின் அர்த்தம் ஒரு நாள் சம்பளம். புதிய செயலகங்கள் வேண்டும் என்று மலையகத்தில் அத்தனை காலம் குரல் கொடுத்தது இதனால்தான்.

இனிப் பிள்ளையின் மற்றக் கேள்வி, சனத்தொகை.

எண்ணைக் கேட்கும் முன் எல்லையைக் கேட்க வேண்டும். சுன்னாகம் என்ற பெயருள்ள கிராம உத்தியோகத்தர் பிரிவு ஒன்றல்ல, பல. அவற்றில் ‘சுன்னாகம் நகரம்’ என்று தொடங்கும் பிரிவுகளும் உண்டு. நகரம் என்று பெயர் வைத்த பிரிவுக்குக் கிராம உத்தியோகத்தர், அது இருப்பதோ கிராமப்புறச் சபையில்! இவற்றில் எதையெதைக் கூட்டினால் ‘சுன்னாகம்’ வரும் என்று எந்தச் சட்டத்திலும் தேட வேண்டாம். ஊரவர்களுக்குத் தெரியும்: இந்தக் கோயில் வரை எங்கள் பக்கம், அந்த மதவுக்கு அப்பால் மற்ற ஊர். குடிசன மதிப்பீட்டுக்கு அந்த மதவு தெரியாது. பிள்ளை இணையத்தில் இரண்டு எண்களைக் கண்டுபிடித்து எது சரி என்று கேட்டாள். ஒன்று ஒரு தனிப் பிரிவினுடையது, மற்றது உடுவில் பிரதேச செயலகம் முழுவதற்கும் உரியது. இரண்டும் சரிதான், இரண்டும் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல.

அடுத்தது, எந்த ஆண்டு என்று பார்க்க வேண்டும். இலங்கையில் ஒழுங்கான முதல் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. பத்து வருடத்துக்கு ஒன்று என்பது வழக்கம், ஆனால் வழக்கம் பலமுறை முறிந்தது. 1981க்குப் பிறகு யுத்தம். 1991இல் நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக எண்ண முடிந்தது. வடக்கு கிழக்கு உட்பட நாடு முழுவதையும் அதன்பின் எண்ணியது 2012இல். கடைசியாக நடந்ததற்கு உரிய நாள் 2024 டிசம்பர் 19. அதில் நாட்டின் தொகை 2 கோடியே 17 இலட்சத்தைத் தாண்டியது. வட மாகாணத்து ஊர் ஒன்றுக்கு 1981க்கும் 2012க்கும் நடுவில் நம்பகமான எண் கிடைப்பது கடினம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். அந்த முப்பது வருடத்தில்தான் எல்லாமே நடந்து முடிந்தது.

அப்புறம், யாரை எண்ணுகிறார்கள்? வழமையாக வசிக்கும் இடத்தில் எண்ணுகிறார்கள். ஆறு மாதமாக அங்கே இருப்பவர், அல்லது அவ்வளவு காலம் இருக்கப் போகிறவர். ஊரில் வீடும் கிணறும் நாலு பனையும் இருந்தாலும், ஆள் வெள்ளவத்தையில் இருந்தால் கொழும்புக் கணக்கு. கனடாவில் இருந்தால் எந்தக் கணக்கிலும் இல்லை. எங்கள் குடும்பத்தில் ‘நாங்கள் சுன்னாகம்’ என்று சொல்லிக்கொள்பவர்கள் முப்பது பேராவது தேறுவார்கள். குடிசன மதிப்பீட்டுக்கு அதில் இரண்டு பேர்தான் சுன்னாகம்: பெரியம்மாவும் அவருடைய மூத்த மகனும்.

இதற்கு நேர்மாறான துயரமும் உண்டு. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த மக்களின் ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. மண் இராணுவத்திடம், சனம் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும். ஆனால் கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும், ‘ஜே’ என்று தொடங்கும் அதன் எண்ணும் பதிவேட்டில் அப்படியே இருந்தன. ஆள் இல்லாத கிராமம். நிர்வாக அந்தஸ்து மட்டும் பத்திரமாக இருந்த கிராமம்.

இன்னொரு எண்ணையும் இதோடு குழப்பிக்கொள்வோம், வாக்காளர் தொகை. அது குடிசன மதிப்பீட்டில் வருவதல்ல, வருடா வருடம் திருத்தும் வாக்காளர் இடாப்பில் வருவது. தேர்தல் மாவட்டத்துக்கு எத்தனை பாராளுமன்ற ஆசனம் என்பதில் இந்த எண்தான் பேசும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்பது யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்தது. அதற்கு 2010இல் 9 ஆசனங்கள், 2015இலும் 2020இலும் 7, 2024இல் 6. கொழும்புக்கு வந்து பதிவை இங்கே மாற்றிக்கொண்டவர்களும் வெளிநாடு போனவர்களும் அந்தக் குறைவுக்குள் இருக்கிறார்கள். எங்கள் அடுக்குமாடியிலேயே ஒரு நாலைந்து பேர்.

அடுத்த நாள் இரவு பிள்ளைக்கு இப்படி எழுதச் சொன்னேன்: மாவட்டம் யாழ்ப்பாணம், பிரதேச செயலகம் உடுவில், உள்ளூராட்சி சபை வலிகாமம் தெற்குப் பிரதேச சபை, குடிசன மதிப்பீட்டின்படி கிராமப்புறம். சனத்தொகைக்கு, சுன்னாகம் என்ற பெயருள்ள பிரிவுகளைத் திணைக்களத்தின் அட்டவணையில் பார்த்துத் தனித்தனியே எழுதி, பக்கத்தில் ஆண்டையும் போடச் சொன்னேன். கூட்டித் தரச் சொல்லிக் கேட்டாள். கூட்டக் கூடாது என்றேன். ஆசிரியர் ஒரு எண்தான் கேட்டிருக்கிறார் என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டாள்: “அப்ப எங்கட பிளட்ஸுக்கு ஜி.எஸ். ஆர்?”

அண்ணனுக்குத் தெரியவில்லை. அண்ணிக்கும் தெரியவில்லை. பதினெட்டு வருடமாக அந்த ஒழுங்கையில் இருக்கிறார்கள். கீழே இறங்கிக் காவலாளியிடம் கேட்டார்கள். வாக்காளர் படிவங்களை வாங்கி ஒவ்வொரு மாடியாகக் கொடுப்பவர் அவர்தானே. பெயர், கந்தோர் இருக்கும் ஒழுங்கை, எந்த நாளில் ஆளைப் பிடிக்கலாம் என்பது வரை அவர் சொன்னார்.